செர்ரி கியர்ட்டன்

செர்ரி கியர்ட்டன் (சூலை 8, 1871 – செப்டம்பர் 27, 1940) இங்கிலாந்தைச் சேர்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரும் திரைப்படப் பதிவாளரும் எழுத்தாளரும் ஆவார். தன் அண்ணன் ரிச்சர்டு கியர்ட்டனுடன் இணைந்து, பறவைகளை அவை வாழும் இடத்திலேயே, கூட்டிலேயே படம்பிடிக்கும் முறையை வளர்த்தவர். பின்னர் ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளை அசையும் படங்களாகப் பதிவு செய்தார். படத்தில் விலங்கு எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், அதற்காகப் படத்தை எந்த அளவுக்கு வெட்டிப் பெருக்கலாம், எந்த அளவுக்கு விலங்கை நெருங்கலாம் என்னும் சிக்கல் இவரது பணி முழுவதிலும் தொடர்ந்து வந்தது.

இளமை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்சயர் பகுதியில், சுவேல்டேல் பள்ளத்தாக்கிலுள்ள துவெயிட் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் ரிச்சர்டு இவரைவிட ஒன்பது ஆண்டுகள் மூத்தவர். சிறுவயதில் பறவைக்கூடு தேடப் போனபோது நேர்ந்த விபத்தால் ரிச்சர்டின் ஒரு கால் குட்டையாகிவிட்டது. உழவுக்கு ஏற்ற உடல் அவருக்கு இல்லை. ஆனால் பறவைகளைப் பற்றிய அறிவு மிகுதியாக இருந்தது. மேட்டுநிலத்தில் வேட்டைக்கு வந்திருந்த ஒரு பதிப்பாளர் குடும்பத்தவர், கிரவுசு என்னும் காட்டுக்கோழியின் குரலை ரிச்சர்டு அச்சு அசலாக எழுப்புவதைக் கேட்டு வியந்தார். அதன் பயனாக இலண்டனிலிருந்த காசெல் பதிப்பகத்தில் 1882இல் ரிச்சர்டுக்கு வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் செர்ரியும் அதே பதிப்பகத்தில் பணியில் சேர்ந்தார். கல்லூரிப் படிப்போ ஓவியப் பயிற்சியோ இருவருக்கும் இல்லை. பதிப்பகத்தில் பெற்ற நூல் அச்சிடும் அனுபவம்தான் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது.

முதல் படமும் முதல் நூலும்

1892ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு பகுதியில், திரசு என்னும் பாடும் பறவையின் முட்டைகள் இருந்த கூட்டினை செர்ரி படமெடுத்தார். அக்காலத்துப் பறவை நூல்களில் இருந்தவை ஓவியங்களே. ஓவியர்களில் பலர் பஞ்சடைத்துப் பாடம் செய்யப்பட்ட பறவைகளைப் பார்த்தே வரைந்தனர். கூடு அமைந்த புதரும், முட்டைகள் கிடக்கும் முறையும், சுற்றியிருக்கும் இலைகளும் உள்ளபடியே பதிவான அப்படத்தைப் பார்த்த ரிச்சர்டு, இதே முறையில் ஒரு நூலே உருவாக்கலாம் என முடிவு செய்தார்.

அந்நூல் 1895இல் வெளிவந்தது. பிரித்தானியப் பறவைகளின் கூடுகளைப் பற்றிய அதற்கு ரிச்சர்டு உரை எழுத, செர்ரி படங்களை எடுத்தார். முழுவதும் ஒளிப்படங்களாலேயே விளக்கப்பட்ட முதல் இயற்கை நூலாக இது பரவலாகக் கருதப்படுகிறது. 1896இல் இருவரும் இசுக்கொட்லாந்துக்கு மேற்கே கடலில் தனித்திருக்கும் செயிண்ட் கில்டா தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள கடற்பறவைகளையும் அவற்றைப் பிடித்து உண்டு வாழ்ந்த மக்களையும் படமெடுத்தனர். அதன்பின் பல நூல்கள் வெளிவந்தன. படக்கருவியைத் தோளில் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்குவதும், உயரமான வேலிப்புதரில் உள்ள கூட்டை எட்ட அண்ணனின் தோள்மேல் தம்பி ஏறி நிற்பதும் அவர்களுக்கு வழக்கமாயின. அவர்கள் அவ்வாறு நிற்கும் காட்சிகளும் படங்களாக அந்நூல்களில் இடம்பெற்றுள்ளன. வாசகர்கள் பறவைகளைவிட அவற்றையே அதிகம் விரும்பினார்களோ என்று தோன்றும் அளவுக்கு அவை புகழ் பெற்றன.

தகட்டின் அளவும் பறவையின் அளவும்

கியர்ட்டன் சகோதரர்கள் இவ்வளவு இடர்ப்பட்டதன் காரணத்தை அறிய, அக்காலப் படக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

அவர்கள் பயன்படுத்தியது அரைத்தகட்டுக் கருவி. அதில் இடப்படும் கண்ணாடித் தகடு ஏறத்தாழ 16.5 செ.மீ நீளமும் 12 செ.மீ அகலமும் கொண்டது. தகட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்புகள் கலந்த ஒளியுணர் பூச்சு இருக்கும். பிற்காலத்தில் பரவலான 35 மி.மீ படச்சுருளின் ஒரு சட்டத்தைவிட இத்தகட்டின் பரப்பு ஏறத்தாழ 23 மடங்கு பெரியது. எனவே தகடு முழுவதையும் நிரப்பிய ஒரு காட்சியை அதே அளவில் தாளில் பதித்தால், உருப்பெருக்கமே தேவையின்றி மிக நுண்ணிய விவரங்களும் தெரியும். மலை, கட்டடம், மனிதர் முகம் ஆகியவற்றைப் படமெடுத்தவர்களுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

பறவையை எடுப்பவரின் நிலை வேறு. 30 செ.மீ குவியத்தொலைவு கொண்ட வில்லையால், 10 மீட்டர் தொலைவிலுள்ள 20 செ.மீ நீளப் பறவையை எடுத்தால், தகட்டில் அதன் உருவம் ஏறத்தாழ 6 மி.மீ மட்டுமே இருக்கும். அதாவது 16.5 செ.மீ நீளத் தகட்டில் ஒரு நெல்மணி அளவு. இத்தகைய படத்தை என்ன செய்யலாம்? ஓரங்களை வெட்டி நீக்கிவிட்டு, பறவை இருக்கும் சிறு பகுதியை மட்டும் இருட்டறையில் உருப்பெருக்கிப் பதிக்கலாம். இதுவே எளிய வழி. அன்றும் பலர் செய்தது அதுவே.

வெட்டுவதால் மட்டும் படத்தின் தரம் கெடுவதில்லை. வெட்டியபின் எஞ்சியதைப் பழைய அளவுக்குப் பெருக்கும்போதுதான் குறைகள் வெளிப்படுகின்றன. முழுத்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம், வில்லையின் குவியப் பிழை, பறவை தலையைத் திருப்பியதால் ஏற்பட்ட மங்கல், பூச்சிலுள்ள வெள்ளிமணிகளின் சொரசொரப்பு ஆகிய அனைத்தும் உருவத்தோடு சேர்ந்து அதே மடங்கில் பெரிதாகின்றன. நெல்மணி அளவு உருவத்தை உள்ளங்கை அளவுக்குப் பெருக்க வேண்டுமானால் அக்குறைகளும் பத்து மடங்குக்கு மேல் பெருகும். தகட்டில் பதியாத இறகின் வரி எந்தப் பெருக்கத்தாலும் தோன்றாது. எண்ணியல் படக்கருவியிலும் இவ்விதி மாறவில்லை. 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால், எஞ்சுவது 12 மெகாபிக்சல் என்று பலர் எண்ணுவர். உண்மையில் எஞ்சுவது 6 மெகாபிக்சலே.

நூலில் அச்சிடும்போது மற்றொரு தடை இருந்தது. ஒளிப்படத்தை அச்சுக்கட்டையாக மாற்றும்போது அது சிறு புள்ளிகளாகப் பிரிக்கப்படும். ஓர் அங்குலத்துக்கு 130 கோடுகள் கொண்ட வலைத்திரை எனக் கொண்டால், 6 மி.மீ உருவம் அதே அளவில் அச்சாகும்போது அதன் நீளத்தில் சுமார் 30 புள்ளிகளே அமையும். அதைக் கொண்டு பறவை எந்த இனம் என்று சொல்வதே கடினம். பதிப்பகத்தில் பணியாற்றிய சகோதரர்கள் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் தொலைவில்லைகள் 1891 முதலே இருந்தன. ஆனால் வில்லை உருவத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் ஒளி ஒன்பது மடங்கு பரவி மங்கும். ஆதலால் ஒன்பது மடங்கு நேரம் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். அக்காலப் பூச்சுகளோ வேகம் குறைந்தவை. அவ்வளவு நேரம் எந்தப் பறவையும் அசையாமல் இருப்பதில்லை. ஆகவே எஞ்சியது ஒரே வழி: அருகில் செல்வது. அதே பறவையை அதே வில்லையால் 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் உருவம் ஏறத்தாழ 3.5 செ.மீ ஆகிவிடும். வெட்ட வேண்டியது மிகக் குறைவு.

போலி மாடு

இரண்டு மீட்டர் தொலைவில் மனிதன் வந்தால் பறவை பறந்துவிடும். மனிதன் மனிதனாகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே சகோதரர்களின் விடை. செயற்கை அடிமரம், செயற்கைப் பாறை, குப்பைமேடு போன்ற மறைவிடங்களை அவர்கள் செய்தனர். இவற்றுள் மிகவும் பேசப்பட்டது 1900இல் உருவான போலி மாடு. உண்மையான மாட்டுத் தோலை உள்ளே வெற்றிடம் இருக்கும்படி பாடம் செய்வித்து, அதனுள் ஒருவர் குனிந்து நின்று, படக்கருவியை மாட்டின் முன்புறம் வைத்துத் துளைவழியே படமெடுப்பது ஏற்பாடு. மேய்ச்சல் நிலத்திலுள்ள பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதே இதன் அடிப்படை.

பறவைகள் ஏமாந்தன, ஆனால் உள்ளே இருப்பவரின் நிலை இரங்கத்தக்கது. ஒருமுறை உள்ளே நெடுநேரம் குனிந்திருந்த ரிச்சர்டு மயக்கமுற்றுச் சாய, மாடு கவிழ்ந்து கால்கள் வானை நோக்கி நின்றன. தானே வெளியேற இயலாமல் அவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். அங்கு வந்த செர்ரி அக்காட்சியைப் படமெடுத்துள்ளார். பின்னர் போலி ஆடும் செய்யப்பட்டது. கண்ணாடித் தகடுகள் எடை மிக்கவை, எளிதில் உடைபவை, ஒவ்வொன்றாக மாற்றப்பட வேண்டியவை. ஆகவே பல மணி நேரக் காத்திருப்புக்குப் பின் கிடைப்பது விரல்விட்டு எண்ணத்தக்க படங்களே.

இம்முறைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கினால் பருந்துக்கும் காக்கைக்கும் கூடு தெரிந்துவிடும். தாய்ப்பறவை அஞ்சி நெடுநேரம் விலகியிருந்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும். கூட்டருகே படமெடுப்பது முட்டை திருடுவதைவிடவும் பறவையைச் சுடுவதைவிடவும் மேலானது என்பதே அக்காலத்தவர் கொண்ட ஒப்பீடு. அதனளவில் அது சரியே. பிற்காலத்தில் பார்வை மாறியது. பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அரிய பறவை இனங்கள் பலவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்வதைத் தடை செய்தது. அவற்றைக் கூட்டில் படமெடுக்க உரிமம் தேவைப்படுகிறது. தொலைவிலிருந்து எடுத்து வெட்டிப் பெருக்கிய சற்றே மங்கலான படம், தரத்தில் தாழ்ந்தாலும் பறவைக்கு நல்லது என்னும் வாதத்துக்குக் கியர்ட்டன் காலத்துக் கருவிகள் இடம் தரவில்லை.

அசையும் படங்கள்

1900இல் செர்ரி, காட்டில் பாடும் நைட்டிங்கேல் பறவையின் குரலை மெழுகு உருளையில் பதிவு செய்தார். 1908இல் வான்கப்பலிலிருந்து இலண்டன் நகரைத் திரைப்படமாக எடுத்தார். இக்காலத்தில் அவர் பதிப்பக வேலையை விட்டு விலகி, அசையும் படங்களில் முழுக் கவனம் செலுத்தத் தொடங்கியிருந்தார். ரிச்சர்டு எழுத்திலும் விளக்குப் படங்களுடன் கூடிய சொற்பொழிவுகளிலும் தொடர்ந்தார்.

திரைப்படச் சுருள், தகட்டுக்கு நேர்மாறான பொருள். அதன் ஒரு சட்டம் ஏறத்தாழ 24 மி.மீ அகலமும் 18 மி.மீ உயரமுமே கொண்டது. அதுவே திரையில் பல மீட்டர் அகலத்துக்குப் பெருக்கிக் காட்டப்படும். சட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெருக்கிப் புதிய சுருளாக்குவது அன்று எளிதன்று. செய்தாலும் தாங்கும் தரம் சுருளில் இல்லை. 100 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒரு மீட்டர் உயரச் சிங்கத்தை 15 செ.மீ குவியத்தொலைவுள்ள வில்லையால் எடுத்தால், சட்டத்தில் அதன் உயரம் 1.5 மி.மீ, அதாவது திரையின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எஞ்சியது புல்லும் வானமும். மேய்ச்சல் நிலத்துப் பறவையிடம் பலித்த போலி மாடு ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கத்தின் முன் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்காவும் போலிச் சிங்க வேட்டையும்

1909இல் செர்ரி கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர் பதவியிலிருந்து அவ்வாண்டு விலகிய தியொடோர் ரோசவெல்ட், சிமித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்கும் பெரும் வேட்டைப் பயணத்தில் அப்போது அங்கு இருந்தார். செர்ரி அவரைச் சந்தித்துப் படமெடுத்தார். ரோசவெல்ட், ஆப்பிரிக்க மக்களின் நடனங்கள், தொலைவில் திரியும் விலங்குகள் ஆகியவை அடங்கிய அப்படம் 1910இல் வெளியானது.

ஆனால் அதற்கு முன்பே, 1909 மே மாதத்திலேயே, அமெரிக்காவில் ஓர் ஆப்பிரிக்க வேட்டைப் படம் திரையிடப்பட்டுவிட்டது. சிக்காகோவைச் சேர்ந்த படத் தயாரிப்பாளர் வில்லியம் செலிக், ரோசவெல்ட்டைப் போன்ற தோற்றமுடைய நடிகரையும், விலைக்கு வாங்கிய வயது முதிர்ந்த சிங்கத்தையும், செயற்கைக் காட்டையும் கொண்டு அதை எடுத்திருந்தார். சிங்கம் உண்மையாகவே சுட்டுக் கொல்லப்பட்டது. படத்தில் ரோசவெல்ட்டின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிங்கம் திரையில் பெரிதாகவும் தெளிவாகவும் தெரிந்தது. படம் பெருவெற்றி அடைந்தது.

அடுத்த ஆண்டு வந்த செர்ரியின் உண்மைப் படம் மக்களைக் கவரவில்லை. போலிப் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் விலங்குகள் சிறியனவாகவும் தொலைவில் இருப்பனவாகவும் தோன்றின. படத்தின் தெளிவையும் அளவையும் வைத்தே உண்மையை மதிப்பிடும் பார்வையாளர் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாக எடுத்துக்காட்டப்படத் தக்கது. மங்கலும் தொலைவும் ஏமாற்றின்மையின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அன்றைய கொட்டகைகளில் யாரும் கருதவில்லை.

1910இல் அமெரிக்கக் கால்நடை வீரரான பஃபலோ சோன்சு, துப்பாக்கியின்றிச் சுருக்குக்கயிற்றால் மட்டும் ஆப்பிரிக்க விலங்குகளைப் பிடிக்கும் பயணம் மேற்கொண்டபோது, அதைப் படமெடுக்கும் பணி செர்ரிக்குக் கிடைத்தது. குதிரை வீரர்கள் காண்டாமிருகத்தையும் பெண் சிங்கத்தையும் கயிற்றால் மடக்கும் காட்சிகளில் விலங்குகள் திரையில் பெரிதாகவே தெரிந்தன. விலங்கு பெரிதாகத் தெரிய, அது கட்டுண்டு கிடக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே அவர் சிறு படக்கருவியை விட்டுவிடவில்லை. இந்தியா, போர்னியோ, வட அமெரிக்கா ஆகிய இடங்களுக்கும் பயணம் செய்தார். அப்பயணங்களைப் பற்றிய அவரது நூலுக்கு ரோசவெல்ட் முன்னுரை எழுதினார். முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையின் 25ஆம் ராயல் ஃபியூசிலியர்சு பிரிவில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். புகழ்பெற்ற வேட்டைக்காரரான ஃபிரெடரிக் செலூசும் அதே பிரிவில் இருந்தார்.

பென்குயின் தீவு

செர்ரியின் முதல் திருமணம் 1920இல் மணமுறிவில் முடிந்தது. 1922இல் தென்னாப்பிரிக்கப் பாடகியான ஏடா ஃபாரசுட்டை மணந்தார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் எடுத்த படங்களும் எழுதிய நூல்களும் மக்களைக் கவரும் போக்கில் அமைந்தவை. தம்முடன் வளர்ந்த டோட்டோ என்னும் சிம்பன்சியைப் பற்றி 1925இல் ஒரு நூல் எழுதினார். 1929இல் வெளியான டெம்பி என்னும் படத்தில் காட்டுக் காட்சிகளுடன் கதையும் சேர்க்கப்பட்டது. இளமையில் மாட்டுத் தோலுக்குள் மணிக்கணக்கில் குனிந்து காத்திருந்தவர், முதுமையில் கதையின் துணையை நாடியது, செலிக்கிடம் அடைந்த தோல்வியின் நெடிய விளைவு என்று கருத இடமுண்டு.

ஆயினும் அவரது சிறந்த திரைப்படம் இக்காலத்திலேயே உருவானது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கேப் டவுனுக்கு வடக்கே உள்ள டாசன் தீவில் மனைவியுடன் பல மாதங்கள் தங்கி, அங்குப் பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்த ஆப்பிரிக்கப் பென்குயின்களைப் படமெடுத்தார். நூலும் படமும் 1930இல் வெளிவந்தன. பென்குயின்கள் மனிதனைக் கண்டு அதிகம் அஞ்சாதவை, பறக்கவும் இயலாதவை. வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய தொலைவு என்னும் தடை இங்கு இல்லாமற் போயிற்று. மறைவிடமின்றி, கயிறின்றி, வெட்டலின்றி, சட்டத்தை நிரப்பும் உயிரினம் கிடைத்தது. பென்குயின்களை மனிதரைப் போலச் சித்தரிக்கும் அவரது வேடிக்கை உரை பிற்காலச் சுவைக்குப் பொருந்தாது. எனினும் படங்கள் மதிப்பிழக்கவில்லை. ஆப்பிரிக்கப் பென்குயின் 2024இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்ட நிலையில், அத்தீவின் பழைய கூட்டங்களைக் காட்டும் அப்பதிவு அறிவியலாருக்கும் பயன்படக் கூடியது.

இப்படத்தைச் சிறுவயதில் பார்த்தது தம் மனத்தில் ஆழப் பதிந்ததாக, பின்னாளில் இயற்கை வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களால் உலகப் புகழ் பெற்ற டேவிட் ஆட்டன்பரோ குறிப்பிட்டுள்ளார்.

இறுதிக் காலம்

அண்ணன் ரிச்சர்டு 1928இல் காலமானார். செர்ரி தம் தன்வரலாற்றை 1935இல் வெளியிட்டார். வானொலியில் சிறுவர்களுக்காக விலங்குகளைப் பற்றித் தொடர்ந்து பேசி வந்தார். 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், இலண்டன் மீது செருமானிய விமானங்கள் குண்டுவீசிக் கொண்டிருந்த நாட்களில், பிபிசி நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சியில் பேசிவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். இயற்கை வரலாற்றுப் பணிக்கும் காட்டுயிர்ப் படப் பணிக்கும் ராயல் புவியியல் கழகம் வழங்கும் பதக்கம் ஒன்று இவர் பெயரால் அமைந்துள்ளது. துவெயிட் ஊரில் சகோதரர்கள் வாழ்ந்த வீட்டின் முகப்பில், பறவைகளும் விலங்குகளும் செதுக்கப்பட்ட கல்வேலைப்பாடு உள்ளது.